பித்தவெடிப்பும் கல்லுப்பு வெந்நீரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கும் அம்மாவுக்கும் குதிகாலில் பித்தவெடிப்பு. தினமும் இரவு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, இரண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டு, ஒரு எலுமிச்சை பிழிந்து அரைமணி நேரம் காலை ஊறவைக்கிறோம். அப்போதைக்கு மெத்தென்று இருக்கிறது; காலையில் பழையபடி வறண்டுவிடுகிறது. அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சுகர். தொடரலாமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

அம்மா இன்றைக்கே நிறுத்திவிடட்டும். நாள்பட்ட சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மெல்ல மங்கும். கொப்புளம் கிளம்பும் அளவு சூடுகூட அவருக்குப் 'பொறுக்கும் சூடாக'த் தெரியலாம். ஊறிய தோலில் கிருமி எளிதாக நுழையும். புண் வந்தால் ஆறவும் நாளாகும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, குதிகாலுக்கு மட்டும் கிரீம் தடவினால் போதும். தண்ணீரின் சூட்டை நீங்களே முழங்கையால் பாருங்கள். வெடிப்பில் ரத்தம், சீழ், சிவப்பு எது தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

உங்களுக்கு ஊறவைப்பதில் தடையில்லை, முறைதான் தவறு. தடித்த தோல் காய்ந்தால் நெகிழாது. நிற்கும்போது உடல் எடையில் குதிகால் பக்கவாட்டில் பிதுங்க, தோல் பிளக்கிறது. தண்ணீர் அதை இளக்கும், அவ்வளவுதான். அரைமணி ஊறினால் ஈரத்தைப் பிடித்துவைக்கும் தோலின் சொந்தப் பொருள்களும் கரைந்து வெளியேறும். காலையில் வரும் வறட்சிக்கு அது ஒரு காரணம். வாரம் இரண்டு முறை, 10 நிமிடம், 37 டிகிரி சூடு. பிறகு பியூமிஸ் கல்லால் லேசாகத் தேயுங்கள். பிளேடு தொடவே வேண்டாம். ஒற்றித் துடைத்த கையோடு தடித்த தோலை இளக்கும் 20–25 சதவீத யூரியா கிரீம், மேலே வாசலின், பருத்திக் காலுறை. கிரீம் தினமும் வேண்டும். ஆழமான வெடிப்பில் யூரியா எரியும். அது மூடும்வரை வாசலின் மட்டும்.

கல்லுப்பு போட்டாலும் போடாவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. எலுமிச்சையின் அமிலம் வெடிப்பை எரிக்கத்தான் செய்யும். கல்லுப்புக்குப் பதில் சிலர் போடும் எப்சம் உப்பின் (மக்னீசியம் சல்பேட்) மக்னீசியம் தோல்வழியே போதிய அளவு உள்ளே போகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கால் நாற்றத்துக்கு ஒரு பங்கு வினிகர், இரண்டு பங்கு தண்ணீர் ஓரளவு உதவும், தோலில் வெடிப்பு இல்லையென்றால். நகப் பூஞ்சைக்கு எதை ஊற்றினாலும் நகத்தடிக்கு எட்டாது. 'நச்சு நீக்கும்' கால் தொட்டி என்று விற்கிறார்களே, அதில் தண்ணீர் பழுப்பாவது உப்புநீரில் மின்சாரம் பாய்ந்து இரும்புத் தகடு துருப்பிடிப்பதால். காலே வைக்காவிட்டாலும் பழுப்பாகும்.

பின்பக்கம் மூடிய செருப்புக்கு மாறுங்கள். ஒரு மாதத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். பூஞ்சையும் சோரியாசிஸ் என்ற தோல் நோயும்கூடப் பித்தவெடிப்பு போலவே தெரியும்.