ஜப்பானிய சகோதர நகரத்திலிருந்து மாணவர் குழு வருகிறது: தன்னார்வலர்கள் என்னென்ன பார்க்க வேண்டும்?

கேள்வியின் சுருக்கம்: ஓரிகன் மாநிலத்தில் ஒரு சிறிய நகரத்தில் இருக்கிறோம். எங்கள் ஊருக்கும் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் உள்ள ஓர் ஊருக்கும் பல வருடமாக சகோதர நகர உறவு, அதாவது இரு ஊர்களும் முறைப்படி செய்துகொண்ட நட்பு ஒப்பந்தம், இருக்கிறது. அந்த உறவைக் கவனிக்கும் குழுவில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருக்கிறேன். அடுத்த கோடையில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் வருகிறார்கள், அதற்கடுத்த வருடம் எங்கள் பிள்ளைகள் அங்கே போக வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது? எங்கள் வீட்டில் சைவம், மாணவரைத் தங்க வைக்கலாமா? மேயர் மாறினால் எல்லாம் நின்றுவிடுமா?

மேயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நின்றுபோகலாம், ஆனால் அபூர்வம். சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஒசாகாவுக்கும் 1957 முதல் இருந்த உறவை 2018 அக்டோபரில் ஒசாகா மேயர் முறித்தார். போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய பெண்களுக்கான நினைவுச் சிலையை சான் பிரான்சிஸ்கோ நகரம் ஏற்றுக்கொண்டதுதான் காரணம். எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. 2011 சுனாமியில் ஜப்பானின் ரிகுசென்தகாத்தா ஊரின் பள்ளிக்கூடப் படகு ஒன்று கடலோடு போய், 2013 ஏப்ரலில் கலிபோர்னியாவின் கிரசென்ட் சிட்டியில் கரை ஒதுங்கியது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதில் ஒட்டியிருந்த கொட்டலசுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பினார்கள். இரு ஊர்ப் பிள்ளைகளும் போய் வந்த பிறகு, 2018இல் அவை சகோதர நகரங்கள் ஆயின. ஒசாகா உறவு முறிந்த அதே வருடம்! ஆனால் சிறிய ஊர்களில் இந்த உறவு தேய்ந்துபோவதற்கு அரசியலைவிட அலுப்பூட்டும் காரணம் ஒன்று இருக்கிறது: குழுவில் எல்லோருக்கும் வயதாகிவிடும், மின்னஞ்சலுக்குப் பதில் போட ஆள் இருக்காது.

அடிப்படையில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைப்பு இல்லை. 1955 டிசம்பரில் செயின்ட் பாலும் நாகசாகியும் இணைந்து முதல் அமெரிக்க-ஜப்பான் ஜோடி ஆனது. மறுவருடம் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் மக்களோடு மக்களை இணைக்கும் திட்டத்தை அறிவித்தார். அப்போதிலிருந்தே அமெரிக்கப் பக்கத்தில் இது தன்னார்வலர் வேலை. லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்த குழு, மாதம் ஒரு கூட்டம், நகரசபை தரும் சிறு தொகை, அவ்வளவுதான். ஜப்பானில் இதைப் பார்ப்பது நகராட்சியின் ஒரு பிரிவு அல்லது நகராட்சி நிதியில் நடக்கும் சர்வதேசப் பரிமாற்றச் சங்கம். சம்பளம் வாங்கும் ஊழியர், நிதியாண்டு, ஒப்புதல் கோப்பு எல்லாம் உண்டு. நம் குழு ஒரு கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வது, அங்கே மூன்று மேசை தாண்டி வரவேண்டும். பதில் மூன்று வாரம் வரவில்லை என்றால் கோபித்துக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை.

எனவே நாட்காட்டிதான் முதல் வேலை. ஜப்பானிய நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. துறைகள் அடுத்த வருடச் செலவைக் கேட்பது அக்டோபர், நவம்பரில். நகரசபை நிறைவேற்றுவது மார்ச்சில். ஜூலையில் வரும் குழுவின் தேதி, ஆள் எண்ணிக்கை, எந்தச் செலவு யார் தலையில் என்பதெல்லாம் முந்தைய வருடம் செப்டம்பருக்குள் கடிதமாகப் போயிருக்க வேண்டும். ஜனவரியில் உற்சாகமாக “ஒரு பேண்டு வாத்தியக் குழுவையும் சேர்த்து அனுப்புங்களேன்” என்று எழுதினால் மரியாதையான, நீளமான, ஒன்றும் சொல்லாத பதில் வரும். அவர்கள் பட்ஜெட் அதற்குள் மூடியிருக்கும்.

அடுத்த பொறி ஏப்ரல் இடமாற்றம். நகராட்சி ஊழியர்களை சில வருடத்துக்கு ஒருமுறை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். யார் எங்கே என்பது மார்ச் பிற்பாதியில்தான் அவர்களுக்கே தெரியும். இரண்டு வருடம் உங்களோடு பேசிப் பழகியவர் ஏப்ரலில் குடிநீர்த் துறையில் இருப்பார், புதியவர் அன்றுதான் கோப்பைத் திறப்பார். ஆகவே வாய்வழியாகவோ லைன் அரட்டைச் செயலியிலோ பேசியதை எல்லாம் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, பிப்ரவரி முடிவதற்குள் மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். அந்த ஊரில், வெளிநாட்டு இளைஞர்களை வேலைக்கு வரவழைக்கும் ஜப்பானிய அரசின் ஜெட் திட்டத்தின் கீழ், சர்வதேச உறவு ஒருங்கிணைப்பாளர் இருந்தால் அதிர்ஷ்டம். ஆங்கிலமும் ஜப்பானியமும் தெரிந்த அந்த இளைஞரிடம் எதையும் விளக்கமாகக் கேட்கலாம். ஆனால் அவரும் ஒப்பந்தத்தில் இருப்பவர், வருடா வருடம் புதுப்பிப்பவர். அவரை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

மின்னஞ்சலில் கேள்விகளுக்கு எண் போடுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரே கேள்வி, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக. எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். உங்கள் ஊருக்கு ஹொக்கைடோ கோடையில் 16 மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் 17. ஜப்பானில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை என்பதால் மார்ச்சிலும் நவம்பரிலும் காணொளிக் கூட்டம் ஒரு மணி நேரம் நழுவும். உங்கள் செவ்வாய் மாலை 6 மணி கோடையில் அவர்களுக்குப் புதன் காலை 10. இரண்டு ஊர்த் தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள்.

எந்த மாதம் என்பதில் எல்லாக் குழுவும் ஒருமுறை இடறும். ஹொக்கைடோ பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்டு பிற்பாதிக்குள் முடிந்துவிடும், மற்ற ஊர்களைவிடக் குறைவு. ஆகஸ்டு 13 முதல் 16 வரை ஓபோன், முன்னோரை நினைக்கும் நாட்கள். அப்போது டிக்கெட் விலை எகிறும், வீட்டிலும் ஆள் வேண்டும். ஆக அவர்கள் வர ஏற்றது ஜூலை கடைசி முதல் ஆகஸ்டு 10 வரை. ஆனால் அப்போது உங்கள் பள்ளி மூடியிருக்கும், வகுப்பில் உட்கார வைக்க முடியாது. உங்கள் பிள்ளைகள் போகும்போது நிலைமை தலைகீழ், நமக்குச் சாதகம். ஜூன் நடுவில் இங்கே பள்ளி முடிந்ததும் கிளம்பினால் அங்கே வகுப்பு நடந்துகொண்டிருக்கும். பள்ளிச் சாப்பாடு, வகுப்பறையைத் தாங்களே பெருக்குவது, மாலை விளையாட்டு எல்லாம் பார்க்கலாம். மற்ற இடங்களில் அது மழைக்காலம், ஹொக்கைடோவில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

தங்கும் வீடுகள்தான் உழைப்பில் பெரும்பகுதி. 12 மாணவர் என்றால் 14 குடும்பங்களிடம் சம்மதம் வாங்குங்கள். கடைசி வாரத்தில் ஒரு வீட்டில் காய்ச்சல், இன்னொரு வீட்டில் வேலை மாற்றம் என்று எதாவது வரும். வீட்டில் இருக்கும் 18 வயது தாண்டிய எல்லோருக்கும் பின்புலச் சோதனை செய்யுங்கள், குழுத் தலைவர் வீட்டுக்கும் சேர்த்து. விண்ணப்பத்தில் நாய், பூனை, புகைபிடிப்பவர், பிள்ளைகளின் வயது, தனிக் கட்டில், யார் எந்த நேரம் வீட்டில் இருப்பார்கள் என்பதைக் கேளுங்கள். துப்பாக்கி இருக்கிறதா, பூட்டிய பெட்டியில் இருக்கிறதா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஜப்பானியப் பெற்றோர் மனதில் அந்தக் கேள்வி நிச்சயம் இருக்கும். 1992இல் நகோயாவிலிருந்து வந்திருந்த 16 வயதுப் பரிமாற்ற மாணவர், லூசியானாவின் பேட்டன் ரூஜில் விருந்து நடக்கும் வீடு என்று நினைத்து வேறொரு வீட்டுக்குப் போய், சுட்டுக் கொல்லப்பட்டதை அங்கே மறக்கவில்லை. மாணவர்களை ஒருபோதும் முகவரிச் சீட்டோடு தனியாக அனுப்ப வேண்டாம். வீட்டு ஆள் கூடவே போக வேண்டும்.

ஒவ்வாமைப் படிவத்தை ஜப்பானிய மொழியில் பெற்றோரே நிரப்பி, இங்கே மொழிபெயர்க்கட்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சோபா நூடுல்ஸ் செய்யப் பயன்படும் பக்வீட் என்ற தானியம். ஜப்பானில் அது கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள். அமெரிக்காவின் 9 பொருள் பட்டியலில் அது கிடையாது, எனவே பாக்கெட்டின் கீழே தடித்த எழுத்தில் எச்சரிக்கை இருக்காது. பான்கேக் மாவில் பக்வீட் கலப்பது சாதாரணம். பாக்கெட்டின் முழுப் பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும் என்று அந்த வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுங்கள்.

சைவ வீட்டில் தாராளமாகத் தங்க வைக்கலாம். படிவத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், விருப்பமுள்ள மாணவரைத் தருவார்கள். சோறு அவர்களுக்குப் பழக்கமானது. காரம்தான் பிரச்சினை, முதல் இரண்டு நாள் மிளகாயை ஒதுக்கிவிடுங்கள். அவர்கள் வீட்டில் ‘கறி’ என்று சொல்லும் குழம்பு கெட்டியாக, லேசான இனிப்போடு இருப்பது. நம் குழம்பைப் பார்த்து அதை எதிர்பார்த்து ஒரு பெரிய வாய் வைத்துவிடுவார்கள். “என்ன வேணும்?” என்று கேட்டால் “எதுவும் சரி” என்றுதான் வரும். இட்லியா தோசையா என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். மாணவர் சாப்பிடாமல் இருந்தால் வாயால் சொல்ல மாட்டார், தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வந்திறங்கும் நாளில் விருந்து வைக்காதீர்கள். டோக்கியோவில் மாலை கிளம்பும் விமானம் அதே தேதி காலையிலேயே மேற்குக் கரையில் இறங்கும். ஹொக்கைடோ பிள்ளைகள் அதற்கு முன்பே உள்நாட்டு விமானம் ஏறி வந்திருப்பார்கள். மாலை 4 மணிக்கு உட்கார்ந்த இடத்தில் தூங்குவார்கள். 6 மணிக்கு மேயரை அழைத்து வரவேற்புரை என்றால் யாருக்கும் மரியாதையாக இருக்காது. மறுநாள் மதியம் வையுங்கள். ஐந்து நிமிட உரை, மொழிபெயர்ப்போடு பத்து நிமிடம் ஆகும். நான்கு பேர் பேசினால் நாற்பது நிமிடம், சாப்பாடு ஆறிவிடும். இரண்டு பேர் போதும். உரையின் எழுத்துப் பிரதியை ஒரு வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள், உள்ளூர்க் கூடைப்பந்து நகைச்சுவையை நீக்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து என்றால், பேச்சு முடிந்து “இப்போது சாப்பிடலாம்” என்று யாராவது அறிவித்து, வரிசையில் முதல் ஆளாக நின்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விருந்தினர் அசையாமல் நிற்பார்கள். பெயர் அட்டையை இரண்டு பக்கமும் அச்சிடுங்கள், கழுத்துக் கயிற்றில் அது எப்போதும் திரும்பிக்கொள்ளும். முன்பெயர் பெரிய எழுத்தில், இரண்டு எழுத்துருவிலும்.

அன்பளிப்பில் அதிகம் யோசிக்க வேண்டாம். உங்கள் பிள்ளைகள் அங்கே போகும்போது தங்கும் வீட்டுக்கு 20 முதல் 30 டாலருக்குள், உங்கள் ஊரில் செய்தது, லேசானது. கத்தி வேண்டாம், நான்கு கொண்ட செட் வேண்டாம், இரண்டையும் அங்கே அபசகுனமாக நினைப்பார்கள். அடியில் வேறு நாட்டின் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஓரிகன் ஹேசல்நட் எடுத்துப் போகலாம், கொட்டை ஒவ்வாமை இல்லாத வீடாக இருந்தால். மாட்டிறைச்சி வற்றல், சாசேஜ் எல்லாம் ஆய்வுச் சான்று இல்லாமல் ஜப்பானுக்குள் போகாது, விமான நிலையத்திலேயே பறிபோகும். அதேபோல் இறைச்சிச் சாறு சேர்ந்த, அந்த ‘கறி’ குழம்புக்கான மசாலாக் கட்டிகளும் கப் நூடுல்ஸும் இங்கே சிக்கும், வருகிறவர்களுக்கு முன்பே எழுதுங்கள். பளபளக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிரிப்பார்கள். காகிதத்தைத் தனியே மடித்து எடுத்துப் போய் அங்கே சுற்றுவது மேல்.

வருகிறவர்களில் ஜப்பான் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா வேண்டாம், எஸ்டா என்ற இணையவழி முன் அனுமதி போதும். அதன் கட்டணம் 2025 செப்டம்பர் கடைசியில் 40 டாலராக உயர்ந்தது. ஆனால் அந்த ஊரில் வளரும் பிரேசில், வியட்நாம் பிள்ளை குழுவில் இருந்தால் அவருக்கு அமெரிக்க விசா வேண்டும். நேர்முகத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், பெயர்ப் பட்டியல் வந்த அன்றே கேளுங்கள். நம் பக்கத்திலும் இதே கதைதான். அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் ஜப்பானில் 90 நாள்வரை விசா இல்லாமல் இருக்கலாம். எச்-4 நிலையில், அதாவது பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து, இருக்கும் இந்தியப் பிள்ளைக்கு ஜப்பான் விசா வேண்டும். அதைவிட முக்கியம், பாஸ்போர்ட்டில் உள்ள அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் புதிதாகப் போடாமல் திரும்பி வர முடியாது. இதைக் கவனிக்காமல் டிக்கெட் எடுத்துவிட்டால் குடும்பத்துக்குப் பெரிய தலைவலி.

மருந்துகள் பற்றி ஒரு தனிக் கூட்டமே போடுங்கள். கவனக் குறைபாட்டுக்கு இங்கே சாதாரணமாக எழுதித் தரும் அடரால் ஜப்பானில் மருத்துவர் சீட்டு இருந்தாலும் குற்றம், முன் அனுமதிக்கும் வழி கிடையாது. சளிக்கு வாங்கும் சூடாஃபெடும் 10 சதவீதத்துக்கு மேல் சூடோஎஃபெட்ரின் இருப்பதால் தடைதான். மற்ற சாதாரண மருந்துச்சீட்டு மாத்திரைகள் ஒரு மாதத்துக்கு மேல் என்றால் ஜப்பானிய சுகாதார அமைச்சகத்திடம் இறக்குமதிச் சான்று முன்கூட்டியே வாங்க வேண்டும். துணைக்குப் போகும் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்: ஓரிகனில் கடையில் வாங்கும் கஞ்சா மிட்டாய் ஒன்று பையின் அடியில் கிடந்தாலும் அங்கே கைது. எந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து என்பதை ஆறு மாதம் முன்பே ரகசியமாகக் கேட்டு வாங்குங்கள். மாற்று மருந்துக்குப் பழக அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.

ஜப்பான் ரயில் பாஸ் பற்றிப் பழைய கையேடுகள் சொல்வதை நம்பாதீர்கள். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. டோக்கியோ, கியோட்டோ போய் வருவதற்கு மட்டும் அது கட்டுப்படியாகாது. அந்தத் தடத்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டர் தாண்டும் பெட்டிக்கு அதற்கான இருக்கை முன்பதிவு வேண்டும். 12 பிள்ளைகளின் பெரிய பெட்டிகளைக் கூரியரில் முதல்நாளே அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவது நிம்மதி. அதற்கு ஒரு இரவுக்கான உடை ஒவ்வொருவர் முதுகுப் பையிலும் இருக்க வேண்டும்.

கடைசியாகப் படிவங்கள். 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொருவருக்கும் அவசர சிகிச்சைக்குப் பெற்றோர் தரும் அதிகாரக் கடிதம், பயணக் காப்பீட்டின் நகல், புகைப்படம் வெளியிடச் சம்மதம். மூன்றும் இரண்டு மொழியிலும். வீட்டுக்காரரிடம் ஒரு செட், குழுவிடம் ஒரு செட். புகைப்படச் சம்மதம் வராத பிள்ளையின் பெயர் அட்டைக்கு வேறு நிறக் கயிறு போட்டுவிடுங்கள், உள்ளூர்ச் செய்தித்தாள் நிருபர் வந்து நிற்கும்போது யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.