மழையில் மான் வேட்டை: பென்சில்வேனியாவுக்குப் புதுசா போயிருக்கிற சத்தியமங்கலத்துத் தம்பிக்கு

வணக்கமுங்க தம்பி. கூட வேலை செய்யறவர் நவம்பர் கடைசியில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்சு வர்ற சனிக்கிழமை மான் வேட்டைக்குக் கூப்பிடறார், அன்னைக்கு மழைன்னு வேற சொல்றாங்க, போலாமா வேண்டாமான்னு கேட்டிருக்கீங்க. நம்ம ஊர்ல மானைத் தொட்டாலே ஜெயில், அமெரிக்காவுல எப்படி டீக்கடைப் பேச்சு மாதிரி பேசறாங்கன்னும் கேட்டிருக்கீங்க. நான் லீவுல கோபி வந்திருக்கறனுங்க. ராத்திரி பூரா ஐப்பசி மழை, கரண்ட் இப்பத்தான் வந்துச்சு. சாவகாசமாவே எழுதறேன்.

மழையை அப்புறம் பார்ப்போம். முதல்ல உங்க விசா. காட்டுக்குள்ள போனதும் அந்த மனுசன் நல்ல மனசோட “இந்தா, பிடிச்சுப் பாரு”ன்னு ரைஃபிளை நீட்டுவார். வாங்கிறாதீங்க. எச்-1பி மாதிரி தற்காலிக விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறது அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். விதிவிலக்கு சிலது உண்டு. நம்மளை மாதிரி ஆளுங்களுக்குப் பொருந்தறது, அங்க முறையா வாங்கின, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் கையில இருக்கறதுதான். கிரீன் கார்டுக்காரங்களுக்கு இந்தத் தடை கிடையாது. அதனால அவங்க யாருக்கும் இது ஞாபகத்துக்கே வராது, உங்களை எச்சரிக்கவும் மாட்டாங்க. துப்பாக்கியோட ஒரு போட்டோன்னு ஆசைப்பட்டு விசாவைச் சிக்கல்ல விட்டுக்காதீங்க. சந்தேகம்னா குடியேற்ற வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

லைசென்ஸ் வேணும்னா அங்க முதல் தடவை வாங்கறவங்க எந்த வயசானாலும் பயிற்சி வகுப்பு முடிச்சிருக்கோணும். இந்த வருசம் அதுக்கு நேரம் இல்லைன்னா வெறும் துணைக்குப் போங்க. துணைன்னா துணைதான். புதருக்குள்ள பூந்து மானைக் கலைச்சு அவர் பக்கம் ஓட்டி விடறதும் வேட்டையிலதான் சேர்த்தி.

ஜெயில் கேள்விக்கு வர்றேன். நம்ம பக்கம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். திம்பம் மலையில வளைவு ஏறறப்போ பார்க்கற புள்ளிமானும் கடமானும் அதுக்குள்ள வருது. சத்தியமங்கலம் காடு 2013ல புலிகள் காப்பகமும் ஆயிடுச்சு. புலிக்கும் செந்நாய்க்கும் போகத்தான் அங்க மான். பென்சில்வேனியாவுல ஓநாயும் மலைச்சிங்கமும் எப்பவோ அழிஞ்சு போச்சு. மானும்தான் அருகிப்போயிருந்துச்சு, 1906ல மிச்சிகன்ல இருந்து கொண்டுவந்து விட்டாங்க. இப்போ பெருகி, காட்டுல முளைக்கிற கன்னு ஒன்னு மிச்சமில்லாம மேயுது, ராத்திரியில கார்ல வந்து விழுது. எந்தப் பகுதியில எத்தனை பெட்டை மானுக்கு அனுமதின்னு கணக்குப் போட்டுத்தான் லைசென்ஸ் தர்றாங்க. இரண்டு ஊர்லயும் சட்டம் காட்டைப் பார்த்துத்தான் போட்டிருக்கு, அவ்வளவுதானுங்க.

இனி மழை. மழைன்னு வேட்டையை நிறுத்த வேண்டியதில்லை. தூத்தல் போட்டுட்டே இருந்தா மான் தாராளமா மேயும். கொட்ட ஆரம்பிச்சா ஹெம்லாக் மாதிரி ஊசியிலை மரத்தடியில ஒடுங்கிப் படுத்துக்கும், விட்டதும் எந்திரிச்சு வரும். அந்த நேரத்துக்காகவே சில பேர் தொப்பலா நனைஞ்சு உக்காந்திருப்பாங்க. காய்ஞ்ச ஓக் சருகுல கால் வச்சா அப்பளம் நொறுங்கற சத்தம் வரும். ஈரத்துல அது இல்லை, பூனை மாதிரி நடக்கலாம். மான் வர்றதும் உங்களுக்குக் கேக்காது, அதனால கண்ணு ஒரு இடத்துல நிக்கக் கூடாது.

ஆனா மழையில சுடறதுங்கறது வேற சங்கதி. நெஞ்சுல சரியா அடி வாங்கின மான்கூட பெரும்பாலும் அங்கயே விழுகறது இல்லைங்க, கொஞ்சம் ஓடித்தான் விழும். வெயில் நாள்னா அரை மணி நேரம் கம்முனு உக்காந்துட்டு, ரத்தத் தடம் பார்த்துப் போலாம். வயித்துல பட்டிருந்தா மணிக்கணக்குல விட்டுட்டுத்தான் தேடுவாங்க. அவசரப்பட்டுப் பின்னாலயே போனா படுத்த மான் எந்திரிச்சு இன்னும் தூரம் ஓடிரும். மழையில அந்தப் பொறுமைக்கு வழியில்லை. ஓக் இலை மேல ஒரு சொட்டு ரத்தம் இருக்கும், அது மேல நாலு சொட்டு மழை விழுந்தா ரோஸ் தண்ணியாகி இலை நரம்பு வழியா ஓடி, அடுத்த நிமிசம் வெறும் ஈர இலை. காத்திருந்தா தடம் போச்சு, காத்திருக்காட்டி மான் போச்சு. அடிபட்ட இடத்துல கொட்டின முடியைத்தான் குனிஞ்சு தேடோணும்: பழுப்புன்னா மேல பட்டிருக்கு, வெள்ளைன்னா வயித்துப் பக்கம்.

அதனால மழை நாள்ல தூரத்து மானைச் சுடாதவர்தான் நல்ல வேட்டைக்காரர்ங்கறது என்ற எண்ணம். உங்க கூட்டாளி எப்படின்னு முன்னாடியே பேச்சுக் கொடுத்துப் பாருங்க. “பக்கத்துல வந்தா பார்ப்போம், இல்லாட்டி காபி குடிச்சுட்டு வந்துருவோம்”னு சொன்னார்னா நம்பிப் போங்க. அடைமழையில அம்பு வேட்டைக்குக் கூப்பிடறவர்னா ஏதாவது சாக்குச் சொல்லிருங்க. கிறிஸ்துமஸ் கழிஞ்சு சிக்கிமுக்கிக் கல்லுத் துப்பாக்கிக்குன்னு ஒரு சீசன் வேற வருது. மழையில துப்பாக்கிக் கிண்ணத்துல இருக்கற வெடிமருந்து நமத்துப் போய் வெறும் ‘டிக்’குன்னு நிக்கும். கூட நின்னு பார்க்க நெம்ப வேடிக்கையா இருக்கும்.

உடுப்பு விசயத்துல நம்மாளுங்க ஜீன்ஸும் பனியனும் போட்டு, மேல ஒரு மழைக்கோட்டு மாட்டிட்டுக் கிளம்பிருவாங்க. பருத்தி ஈரமானா உடம்புச் சூட்டை உறிஞ்சிரும். நல்ல பனியை விட 4, 5 டிகிரி மழைதான் ஆளை விறைக்க வைக்கும். கம்பளி இல்லாட்டி பாலியெஸ்டர், ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலா. வேட்டைக்காரங்க தலை, நெஞ்சு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் போடோணும்னு அங்க விதி. சுடாட்டியும் நீங்களும் போடுங்க, மழைக்கோட்டுக்கு மேல போடுங்க. கோட்டுக்குள்ள இருக்கற ஆரஞ்சு யார் கண்ணுக்கும் தெரியாது. ஈர மரத்துல மாட்டியிருக்கிற ஏணி வழுக்கும், பெல்ட் இல்லாம ஏறச் சொன்னா கீழயே நின்னுக்கோங்க. வீட்டுக்கு வந்ததும் அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கான்னு பார்த்துருங்க. உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய் அந்த மாநிலத்துல அதிகம்.

மான் விழுந்தா கறி தருவாங்க, முதுகுச் சதையை அவங்களே வச்சுக்குவாங்க. கால் கறி கொடுத்தா சந்தோசமா வாங்கிக்கோங்க. கொழுப்பே இருக்காது. குக்கர்ல நல்லா வேகவிட்டு, சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல்லு போட்டு நம்ம பள்ளிபாளையம் பாணியில பிரட்டினா வெள்ளாட்டுக் கறி தோத்துப்போகும். யாராவது விலைக்குத் தர்றேன்னா மட்டும் வேண்டாம், காட்டு மான் கறி விக்கறது அங்க குற்றம். ஞாபகத்துக்குன்னு கொம்பை ஊருக்குக் கொண்டு வர்ற யோசனை இருந்தா அதையும் விட்டுருங்க. பண்ணாரி செக்போஸ்ட்டுல நின்னுட்டு இது பென்சில்வேனியா மானுங்கன்னு யாருக்கு விளக்கம் சொல்லுவீங்க?