மலையூர் அருங்காட்சியகங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆல்ப்ஸ் மலையிலுள்ள செர்மாட் ஊருக்குப் போய்வந்த என் மகன், அங்கே கண்ட சிறிய அருங்காட்சியகத்தைப் பற்றியே ஓயாமல் பேசுகிறான். நம் நீலகிரியில் பூங்காவையும் படகு இல்லத்தையும் தவிர அப்படிக் காண்பதற்கு ஒன்றும் இல்லையா?
– வாசகி, குன்னூர்

பதில்: தங்கள் மகன் அங்கே ஓர் அறுந்த கயிற்றைப் பார்த்திருப்பார். 1865ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று மாட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய ஏழு பேரில் நான்கு பேர், இறங்கும் வழியில் கயிறு அறுந்து விழுந்து இறந்தார்கள். சந்தையில் காசு பெறாத அந்தக் கயிற்றுத் துண்டை அந்த ஊர் எறிந்துவிடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதே ஊரில், எலி ஏறாதபடி கால்களின்மேல் வட்டக் கற்பலகைகளை வைத்துக் கட்டிய பழைய மரக் களஞ்சியங்களும் இன்றுவரை நிற்கின்றன.

நம் மலையிலும் அத்தகைய இடங்கள் உண்டு, நாம்தான் போவதில்லை. கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கு என்ற படகர் ஊரில், 1819இல் மலையேறி வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பெத்தக்கல் பங்களா, இடிந்து கிடந்த நிலையிலிருந்து மீட்கப்பட்டு, இன்று சிறு அருங்காட்சியகமாக இருக்கிறது. அவர் பின்னர் உதகையில் கட்டிய வீட்டை மக்கள் 'கல் பங்களா' என்றார்கள். அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. உதகையை அடுத்த எம். பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் ஆகியோரின் வாழ்க்கைப் பொருள்களைக் காணலாம். ஒரு முழு முற்பகலை ஒதுக்கிக்கொண்டு அங்கே போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் குன்னூரில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும், 1908இல் உதகை வரைக்கும் ஓடத் தொடங்கிய நம் மலை ரயில், ஆல்ப்ஸ் மலைக்கு உறவுமுறை உள்ளது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் முறையை வகுத்தவர் ரோமன் அப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். இங்கே ஓடிய நீராவி இன்ஜின்களில் பலவும் அந்நாட்டின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. 2005இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. தங்கள் மகன் செர்மாட்டுக்கு ரயிலில் ஏறியிருந்தால், அதே அப்ட் பல்சட்டத்தின் மேல்தான் ஏறியிருப்பார்.

கேள்வி: எங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) பாட்டன் காலத்து மூங்கில் பால்குழாய்கள், திரிகைகள், உழவுக் கருவிகள், பழைய நிலப் பத்திரங்கள் பல வீடுகளில் கிடக்கின்றன. பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய வீட்டில் அவற்றை வைத்து அருங்காட்சியகம் தொடங்க இளைஞர்கள் விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: ஒரு கோடு போட்ட நோட்டிலிருந்து தொடங்குங்கள். கட்டடத்துக்குச் சாயம் பூசுவதும் கண்ணாடிப் பெட்டி வாங்குவதும் பிறகு ஆகட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, அது எந்த வீட்டுப் பொருள், யார் செய்தது, யார் பயன்படுத்தினார், எந்த வேலைக்கு, படகர் மொழியில் அதன் பெயர் என்ன, கொடையாகத் தந்தார்களா அல்லது திருப்பித் தரும் உடன்பாட்டில் தந்தார்களா என்பதையெல்லாம் எழுதி, ஒரு புகைப்படமும் எடுத்துவிடுங்கள். கோத்தர் கொல்லர் அடித்த கத்தி ஒன்று உங்கள் ஹட்டியில் இருந்தால், அதற்கு ஈடாக உங்கள் முன்னோர் என்ன தானியம் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லக்கூடிய பெரியவர் இன்று இருக்கிறார். அவர் சொல்வதைப் பதிவு செய்யாமல் கத்தியை மட்டும் வாங்கி வைத்தால், வெறும் இரும்புதான் மிஞ்சும். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன்.

வீட்டைப் பொறுத்தவரை, உள்ளே பால் வைக்கும் 'ஹாகோட்டு' இன்னும் கலைக்கப்படாமல் இருந்தால், அதனை அப்படியே விட்டுவிடுங்கள். இடம் போதவில்லை என்று சுவரை இடித்துவிடாதீர்கள். வீடே உங்கள் முதல் காட்சிப்பொருள். அந்த அறைக்கு யார் போகலாம், போகக் கூடாது என்ற வழக்கத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

நம் மலையில் பொருளுக்குப் பெரும்பகை ஈரம். பனிமூட்டமும் மழையும் சேர்ந்தால் சில வாரங்களிலேயே தாளிலும் மரத்திலும் பூஞ்சணம் பூக்கும். ஆகவே அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்; வெயிலடிக்கும் நாள்களில் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள்; துணிகளை மடிக்காமல் சுருட்டி, நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். பத்திரங்களை லேமினேஷன் செய்யவோ கிழிசலை செல்லோ டேப்பால் ஒட்டவோ வேண்டவே வேண்டாம். பின்னால் பிரிக்க முயன்றால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். பழைய மரத்துக்கு வார்னிஷ் அடிப்பதும் அப்படித்தான். கைபட்டு வழவழப்பான இடந்தான் அந்தப் பால்குழாயின் வரலாறு.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்தில் மண் வெட்டும்போது பானையோ மணியோ கிடைத்தால் அதனை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போகாமல், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. நூறாண்டைத் தாண்டிய சிற்பம் போன்றவை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை.

கேள்வி: நீலகிரியின் பழைய ஈமக்குழிகளில் கிடைத்த மட்பாண்டங்களை எங்கே பார்க்கலாம்?
– வாசகர், உதகை

பதில்: சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில். நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த ஜேம்ஸ் பிரீக்ஸ், 1870களின் தொடக்கத்தில் மலையுச்சிக் கல்வட்டங்களைத் தோண்டிச் சேர்த்தவை அங்கே உள்ளன. மூடிகளின்மேல் எருமை, குதிரை, மனித உருவங்கள் அமர்ந்திருக்கும் உயரமான பாண்டங்கள் அவை. அவற்றை வனைந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் அவற்றைக் காண மலையிறங்கி ஒரு இரவுப் பயணம் போக வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அச்சு அசலான பிரதிகளையாவது இங்குள்ள அருங்காட்சியகங்களில் வைக்கலாம்.

கேள்வி: கரிக்கியூர் பாறை ஓவியங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?
– ஆசிரியை, கோத்தகிரி

பதில்: வனத்துறையின் அனுமதி பெற்று, அந்த ஊர் இருளர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு, சிறு குழுவாகப் போங்கள். சிலர் ஓவியங்களின்மேல் பெயர் கிறுக்கிக் கெடுத்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குப் புறப்படும் முன்பே சொல்லுங்கள். படம் தெளிவாகத் தெரியட்டும் என்று பாறையில் தண்ணீர் தெளிப்பதும் விரலால் தடவிப் பார்ப்பதும் நிறத்தைக் கரைத்துவிடும். ஆளுக்கொரு பென்சிலும் தாளும் கொடுத்து, எட்ட நின்று வரையச் சொல்லுங்கள்.