கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்

அன்புள்ள ஐயா,

ஒரு வாரமாகக் கொரியப் பேரிடர் படங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘ட்ரெயின் டு பூசான்’, ‘டனல்’, கடைசியாக ‘கான்கிரீட் யுடோபியா’. மனிதர்கள் மேல் நம்பிக்கை வரவைக்கும் படங்கள் என்று நண்பர்கள் சொன்னதால்தான் ஆரம்பித்தேன். எனக்கு நேர்மாறாகப் பட்டது. ஆபத்து என்று வந்தால் மனிதன் பக்கத்தில் இருப்பவனைத் தள்ளிவிட்டுத் தான் பிழைக்கப் பார்ப்பான் என்பதைத்தான் மூன்றும் காட்டுகின்றன. கடைசியில் ஒரு பாட்டு, ஒரு உருண்டைச் சோறு என்று எதையாவது ஒட்டவைத்து அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். மனித இயல்பு இவ்வளவுதானா? என் 11 வயது மகன் தானும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். காட்டலாமா?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

ஒட்டவைத்த நம்பிக்கை கொரியப் படங்களில் நிறையவே உண்டு. 2009இல் வந்த ‘ஹேயுண்டே’யில் சுனாமி வருவதற்குள் அத்தனை பேரும் மன்னிப்புக் கேட்டு, மன்னித்து, அழுது முடிக்கிறார்கள். அலை பாவம், காத்திருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றையும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். முடிவுகளைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கடிபட்டவர்கள் எல்லாம் ஜோம்பிகளாகும் தொற்று பரவும் அந்தப் பூசான் ரயிலில் 15ஆவது பெட்டிக் கதவுக் காட்சியை மட்டும் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். கதாநாயகன் சோக்-வூவும், மா டோங்-சோக் நடித்த அந்தக் குண்டு மனிதரும், பள்ளிக்கூடப் பையனும் வழியில் மாட்டிக்கொண்டவர்களை மீட்டுக்கொண்டு பெட்டி பெட்டியாகச் சண்டை போட்டு வந்து சேர்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்கவில்லை. இழுத்துக் கட்டிவைத்திருக்கிறார்கள். பஸ் கம்பெனி அதிகாரி யோன்-சுக்தான் காரணம் என்று நாம் எல்லோருமே அவரைத் திட்டினோம். அவர் ஒருவரால் அந்தக் கதவைப் பிடித்திருக்க முடியுமா? அவர் கொடுத்தது ஒரே ஒரு நியாயம்: ‘அவர்களுக்கும் தொற்று இருக்கலாம்.’ மீதியைச் செய்தவர்கள் ஆபீஸ் போகிறவர்கள், ஊருக்குப் போகிறவர்கள், காலையில் பக்கத்து சீட்காரருக்கு வழிவிட்டு உட்கார்ந்தவர்கள். அதே பெட்டிக்குள் ஒரு பள்ளி மாணவி ‘திறந்துவிடுங்கள்’ என்று கதறுகிறாள். அவளையும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

இயக்குநர் யோன் சாங்-ஹோ அந்த யோன்-சுக்கையும் அரக்கனாக விட்டுவிடவில்லை. கடைசியில் தொற்று ஏறி மாறிக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் சின்னப் பிள்ளைபோலப் பேசுகிறார். பயமாக இருக்கிறது, வீட்டில் கொண்டுபோய் விடுங்கள், அம்மா காத்திருப்பாள் என்கிறார். படம் முழுக்க நாம் வெறுத்த மனிதர் அத்தனையும் செய்தது இந்தப் பயத்தில்தான். சோக்-வூவும் ஆரம்பத்தில் ரொம்ப வித்தியாசமானவர் இல்லை. பாட்டிக்கு சீட்டை விட்டுக்கொடுத்த மகளிடம், இந்த மாதிரி நேரத்தில் நம்மை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார். வழியில் வரும் தேஜோன் ஸ்டேஷனில் ராணுவத்தில் இருக்கும் ஆளைப் பிடித்துத் தாங்கள் இருவர் மட்டும் வேறு வழியாகத் தப்பிக்க ஏற்பாடு செய்கிறார். மனித இயல்பு ஒன்றுதான் என்றால் அதே ஆள் அரை மணி நேரம் கழித்து அந்தப் பெட்டிகளைக் கடந்து வந்திருக்க மாட்டாரே.

இந்தப் படங்கள் எந்த ஊரிலிருந்து வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2003 பிப்ரவரியில் தேகு நகரச் சுரங்க ரயிலில் ஒருவன் தீ வைத்தான். 192 பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருந்தது தீ வைக்கப்பட்ட ரயிலில் இல்லை. எதிரே வந்து நின்ற இன்னொரு ரயிலில். உள்ளேயே இருங்கள் என்று பயணிகளிடம் சொல்லிவிட்டு, கடைசியில் மாஸ்டர் சாவியை உருவிக்கொண்டு ஓட்டுநர் போய்விட்டார். கதவுகள் மூடிக்கொண்டன. 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் கப்பல் சாய்ந்தபோதும் ஒலிபெருக்கி அதையேதான் சொன்னது: நகராதீர்கள், இருக்கும் இடத்திலேயே இருங்கள். 304 பேர் இறந்தார்கள். அவர்களில் 250 பேர் சுற்றுலா கிளம்பிய ஒரே பள்ளியின் மாணவர்கள். கேப்டன் முதலில் தப்பியவர்களில் ஒருவர். பூசான் ரயில் படம் வந்தது 2016இல். அதில் டிவியில் தோன்றும் அதிகாரி, அரசை நம்புங்கள், எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும்போது கொரிய ரசிகர்களுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்?

அதே செவோலில் இன்னொன்றும் நடந்தது. ஒரு 22 வயதுக் கப்பல் ஊழியர் தன் உயிர்காப்பு அங்கியை மாணவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தபடியே இறந்துபோனார். பக்கத்துத் தீவுகளிலிருந்து மீன்பிடிப் படகுக்காரர்கள் வந்து பலரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பொறுப்பில் இருந்தவர்கள் போய்விட, ஒரு பொறுப்பும் இல்லாதவர்கள் வந்து நின்றார்கள். இந்த வகைப் படங்களுக்கு அடியில் ஓடும் கோபமும் நம்பிக்கையும் இரண்டும் அங்கிருந்துதான் வருகின்றன என்பது என் எண்ணம்.

‘கான்கிரீட் யுடோபியா’தான் உங்களை அதிகம் வருத்தியிருக்கும். எனக்கு மூன்றில் அதுதான் பிடித்தது, ஏனென்றால் அதில் கெட்டது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நிலநடுக்கத்தில் சோல் நகரமே தரைமட்டம். ஹ்வாங்குங் அபார்ட்மென்ட் ஒன்றுதான் நிற்கிறது. வெளியாட்களை வைத்துக்கொள்வதா, துரத்துவதா என்று கூட்டம் போட்டுக் கறுப்பு, வெள்ளைக் காய்களால் ஓட்டெடுக்கிறார்கள். யாரும் யாரையும் கத்தியைக் காட்டி மிரட்டவில்லை. கூட்டம், தீர்மானம், தலைவர், கமிட்டி, ரேஷன் என்று நமக்கு நன்றாகப் பழகிய குடியிருப்போர் சங்கம்தான். துரத்தப்பட்டவர்களில் பக்கத்து ‘ட்ரீம் பேலஸ்’காரர்களும் உண்டு. பணக்காரக் குடியிருப்பு, நேற்றுவரை இவர்களை ஏளனமாகப் பார்த்தவர்கள். அந்தப் பழைய கடுப்பும் அந்த ஓட்டில் விழுகிறது. அப்புறம் வெளியாட்களைக் கரப்பான்பூச்சி என்று கூப்பிட ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பெயர் வந்த பிறகு எல்லாமே சுலபமாகிவிடுகிறது. லீ ப்யுங்-ஹுன் நடித்த தலைவர் யோங்-தக் உண்மையில் யார் என்பது தெரியவரும்போது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வெளியாட்களை விரட்டியவர்களின் தலைவரே வெளியாள்.

முடிவில் ஹ்வாங்குங்கிலிருந்து தப்பி வந்த நர்ஸ் ம்யோங்-ஹ்வாவுக்குச் சிலர் சோற்று உருண்டை கொடுக்கிறார்களே, அதைத்தான் ஒட்டவைத்தது என்கிறீர்கள். அவர்கள் இருப்பது பக்கவாட்டில் சாய்ந்து விழுந்த ஒரு கட்டடத்துக்குள். நான் இங்கே இருக்கலாமா என்று கேட்கிறாள். அதை ஏன் எங்களிடம் கேட்கிறீர்கள், உயிரோடு இருந்தால் இருக்கவேண்டியதுதானே என்கிறார்கள். ஓட்டெடுப்பு இல்லை, கமிட்டி இல்லை. பிறகு ஹ்வாங்குங்காரர்கள் மனிதனைத் தின்றார்களாமே, நிஜமா என்று கேட்கிறார்கள். இல்லை, அவர்கள் சாதாரண மனிதர்கள்தான் என்கிறாள். ஒட்டவைக்க நினைத்திருந்தால் இயக்குநர் உம் தே-ஹ்வா இந்த வசனத்தை எழுதியிருக்க மாட்டார். கொன்றவர்களும் சாதாரண மனிதர்கள், சோறு கொடுத்தவர்களும் சாதாரண மனிதர்கள். இதில் எந்தப் பாதியை மனித இயல்பு என்று எடுத்துக்கொள்வது?

‘டனல்’ பற்றி நீங்கள் எதுவும் எழுதாததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இடிந்த சுரங்கத்துக்குள் கார் விற்பவர் ஒருவர் (ஹா ஜங்-வூ). கையில் இரண்டு பாட்டில் தண்ணீரும் மகளின் பிறந்தநாள் கேக்கும். அந்தத் தண்ணீரே ஒரு காது மந்தமான பெட்ரோல் பங்க் தாத்தா கொடுத்தது. கொடுத்தபோது இவருக்கு அது எரிச்சல். சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்துக் குடிக்கும் நேரத்தில், கொஞ்ச தூரத்தில் நசுங்கிய காருக்குள் ஒரு பெண் மாட்டியிருப்பது தெரிகிறது. அவள் தண்ணீர் கேட்கிறாள். ஹா ஜங்-வூவின் முகத்தை அப்போது பாருங்கள்: கொடுக்க மனமில்லை, கொடுக்காமலிருக்கவும் மனமில்லை. கொடுக்கிறார். உடனே அவள் நாய்க்கும் கொஞ்சம் என்கிறாள்! அந்த மனிதர் புலம்பிக்கொண்டே கொடுப்பதில் இருக்கும் நம்பிக்கை எந்தப் பின்னணி இசையிலும் இல்லை. வெளியே என்ன நடக்கிறது? அமைச்சர் போட்டோவுக்கு நிற்கிறார். டிவிக்காரர்கள் போன் பேட்டி எடுத்து உள்ளே இருப்பவரின் போன் சார்ஜைக் காலி செய்கிறார்கள். நாளாக ஆக, பக்கத்துச் சுரங்க வேலையை ஆரம்பிக்கலாம் என்று பொதுமக்கள் கருத்தே மாறுகிறது. தூரத்தில் இருக்கும் ஒருவனைக் கைவிடுவது அவ்வளவு கஷ்டம் இல்லை. குரல் கேட்கும் தூரத்தில் இருப்பவளைக் கைவிட அவரால் முடியவில்லை.

சினிமாவை விடுங்கள். 2007 டிசம்பரில் தேயான் கடற்கரைக்கு அருகே ஒரு எண்ணெய்க் கப்பலிலிருந்து பத்தாயிரம் டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. குளிர்காலம். பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அங்கே போய், துணியை வைத்துக்கொண்டு கல் கல்லாகத் துடைத்தார்கள். இதை வைத்து யாராவது பெரிய பேரிடர் படம் எடுப்பார்களா என்றால் மாட்டார்கள். கூழாங்கல் துடைப்பதில் என்ன விறுவிறுப்பு?

பையனுக்கு ‘கான்கிரீட் யுடோபியா’ வேண்டாம். பூசான் ரயில் இன்னும் நாலைந்து வருடம் கழித்துப் பார்க்கட்டும். 2019இல் வந்த ‘எக்ஸிட்’ போட்டுக் காட்டுங்கள். வேலை கிடைக்காத, ஆனால் மலையேறத் தெரிந்த ஒருவனும், கல்லூரியில் அவனோடு மலையேறிய பெண்ணும், விஷவாயு மேலே ஏற ஏறக் கட்டடம் கட்டடமாகத் தாவுகிறார்கள். ‘காப்பாற்றுங்கள்’ என்பதற்கான எஸ்ஓஎஸ் மோர்ஸ் குறியீட்டை மொட்டை மாடியில் வாயாலேயே கத்தும் காட்சியில் பையன் விழுந்து விழுந்து சிரிப்பான். காப்பாற்ற வந்த ஹெலிகாப்டரை எதிர்க் கட்டடத்து டியூஷன் பிள்ளைகள் பக்கம் அனுப்பிவிட்டு, அது போனதும் இருவரும் உட்கார்ந்து ஓவென்று அழுவார்கள். அந்த இடத்தில் அவன் உங்களிடம் ஏதாவது கேட்டால் எனக்கு எழுதுங்கள்.