அந்தப் பையனுக்கு என்ன சொல்வது?

அன்புள்ள ஐயா,

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். அமேசான் உலகின் நுரையீரல், உலகத்து ஆக்சிஜனில் 20 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது, அந்தக் காடு எரிகிறது என்று பாடம் நடத்தினேன். ஒரு பையன், தங்கைப் பாப்பாவுக்கு மூச்சு முட்டுமா என்று கேட்டு அழுதுவிட்டான். இந்த வயதில் காடழிவை எப்படித்தான் சொல்வது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நாளைக் காலையிலேயே அவனைக் கூப்பிட்டு, பாப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடுங்கள். அது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. அமேசான் உண்டாக்கும் ஆக்சிஜனை அநேகமாக முழுவதும் அந்தக் காடே செலவழித்துவிடுகிறது. மரங்களும் சுவாசிக்கின்றன, உதிர்ந்த இலையை மட்கவைக்கும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் சுவாசிக்கின்றன. 2019-இல் பிரெஞ்சு அதிபர் மக்ரோனே அந்த 20 சதவீதக் கணக்கைச் சொன்னார். உங்களை எப்படிக் குறை சொல்வது?

காடு எரிவது உண்மைதான். ஆனால் அந்தத் தீயை அணைக்க எட்டு வயதுப் பிள்ளைக்கு வழியில்லை. பயத்தை மட்டும் வீட்டுக்குச் சுமந்துபோகும். உங்கள் ஊருக்கு மேலேயே ஆனைமலை இருக்கிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. அங்கே தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய மழைக்காட்டில் இருவாச்சி வாழ்கிறது.

அந்தப் பறவையிலிருந்து தொடங்குங்கள். பெட்டை, மரப்பொந்துக்குள் புகுந்து தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். (பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.) அலகு நீளும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் இருக்கும். ஆண் பறவை அத்திப்பழங்களைத் தொண்டையில் அடக்கிவந்து ஒவ்வொன்றாக ஊட்டும்.

ஒரு மலைப்பள்ளியில் இதை அட்டைப்பெட்டி வைத்து நடித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு சிறுமி. வெளியே இருந்து இடுக்கு வழியாக ஒருவன் இலந்தைப்பழம் ஊட்டினான். அவள் தின்றுவிட்டுக் கொட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாள். யாரும் சொல்லித்தரவில்லை. நிஜப் பொந்தின் அடியிலும் இப்படித்தான் விதைகள் விழுந்து கன்றுகள் முளைக்கின்றன என்று மட்டும் சொன்னேன். பிறகு, பெரிய மரங்களை வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். வகுப்பு அடங்கிப்போனது. “பொந்து இருக்காது” என்றான் கடைசி வரிசையில் ஒருவன். “விதையும் விழாது” என்றாள் பெட்டிக்குள் இருந்தவள்.

துயரத்தை அங்கேயே விட்டுவிடாதீர்கள். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 20 ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் காட்டு மரங்களின் விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, சீரழிந்த காட்டுத் துண்டுகளில் நட்டுவருகிறது. கையில் கிடைத்த கன்றை விழா நாளில் நட்டுப் படம் எடுப்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை மூன்றாம் வகுப்பே புரிந்துகொள்ளும்.

முடிந்தால் ஜனவரிக்கு மேல் ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிப்போங்கள். அது கூட்டுக்காலம், கூட்டருகே போக வேண்டாம். சாலையோரம் பேசாமல் நின்றாலே, தலைக்கு மேல் நீராவி ரயில்போலச் சிறகோசை கேட்க வாய்ப்பிருக்கிறது. அந்தப் பையனுக்கு ஜன்னலோர இருக்கை கொடுங்கள்.