உப்பு ஜாடியும் காலைக் காப்பியும்

போன இதழில் தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரப்பது பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன், அதற்கு வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே ஒரு வாரம் ஆனது. பாதிக்கு மேல் ஒரே கேள்வி: மாத்திரை இல்லாமல் சாப்பாட்டிலேயே சரிபண்ண முடியாதா? நானும் பதினோரு வருடமாக அந்த மாத்திரை போடுகிறவள்தான், அதனால் கேள்வியின் ஏக்கம் புரிகிறது. ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

வயது 46. டி.எஸ்.எச். (சுரப்பி மந்தமானால் ரத்தத்தில் ஏறுகிற கணக்கு) 14 என்று வந்து, எட்டு மாதமாக 50 மைக்ரோகிராம் மாத்திரை போடுகிறேன். இப்போது பார்த்தால் 9. காலை ஐந்துக்கு எழுந்ததும் மாத்திரை, கையோடு ஒரு டம்ளர் காப்பி, அப்புறம்தான் வாசல் தெளிப்பேன். இட்லி சாப்பிட்டதும் கால்சியம் மாத்திரை. கொத்தமல்லித் தண்ணீர் குடித்தால் தைராய்டு மாத்திரையே வேண்டாம் என்கிறாள் தங்கச்சி. கேட்கலாமா? (வாசகி, கானாடுகாத்தான்)

தங்கச்சி பேச்சு இருக்கட்டும், அந்தக் காப்பியை முதலில் பார்ப்போம். இந்த மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போனால்தான் குடலில் ஒழுங்காக உறிஞ்சப்படும். கூடவே காப்பி போனால் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போய்விடும். மாத்திரைக்கும் காப்பிக்கும் நடுவில் அரை மணியாவது வேண்டும், ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. நானும் முதல் இரண்டு வருடம் இதே தப்பைத்தான் செய்தேன், யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீரும் மாத்திரை டப்பாவும் இருக்கும், முழிப்பு வந்ததும் போட்டுவிடுவேன். அப்புறம் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற வேலை. நம் ஊர் வீட்டு முகப்பு நீளத்துக்குக் கூட்டித் தெளித்துக் கோலம் முடிக்க முக்கால் மணி ஆகிவிடும், அதற்குள் டிகாஷனும் இறங்கியிருக்கும். நீங்கள் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம், கோலத்தை முன்னால் தள்ளிக் காப்பியைப் பின்னால் தள்ளுங்கள், அவ்வளவுதான். காப்பி இல்லாமல் கண்ணே திறக்காது என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அதுவும் உள்ள வழிதான்.

கால்சியம் மாத்திரையை மத்தியானச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள். அதற்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குதான். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. அதற்கு முன்னால் டோஸ் கூட்டுகிற பேச்சு வந்தால், இந்தக் காப்பிக் கதையை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கொத்தமல்லித் தண்ணீரால் கெடுதல் இல்லை, பிடித்தால் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஆனால் சுரப்பி சுரக்க வேண்டிய அதே ஹார்மோனைத்தான் மாத்திரையாகத் தருகிறார்கள். அது கொத்தமல்லியில் கிடையாது, தேங்காய் எண்ணெயிலும் கிடையாது.

மகள் சொன்னாள் என்று பாக்கெட் உப்பை நிறுத்திவிட்டு ஆறு மாதமாக இந்துப்பும் கல் உப்பும்தான். இயற்கையாயிற்றே, தைராய்டுக்கு நல்லதுதானே? (வாசகி, வயது 58, பள்ளத்தூர்)

இல்லை ஆச்சி. எங்கள் அப்பத்தா வீட்டு அடுப்படி மூலையில் ஒரு பெரிய மங்கு ஜாடி இருக்கும். உள்ளே கல் உப்பு, எப்போதும் ஈரமாக, அடியில் உப்புத் தண்ணீர் நிற்கும், கையை விட்டால் விரல் இடுக்கில் எரியும். எதிர்வீட்டு ஆச்சி ஒருவருக்குக் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவு கழலை, விசேஷங்களுக்கு வரும்போது அட்டிகையை அதன் மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு வருவார். அதற்கு வைத்தியம் உண்டு என்று அப்போது யாரும் நினைத்ததாகவே தெரியவில்லை.

அயோடின் இல்லாமல் சுரப்பியால் ஹார்மோன் செய்ய முடியாது, போதாமல் போனால் சுரப்பி வீங்கி இப்படிக் கழலையாகும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும். நம் கைக்கு வரும் அயோடின் உப்பில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் ஐந்து கிராம் உப்பில் 75 வந்துவிடுகிறது, மீதி பால், தயிர், முட்டை, தொண்டிப் பக்கமிருந்து வரும் கடல் மீன் என்று சேரும். இந்துப்பில் இந்தக் கணக்குக்கு ஆகிற அளவு அயோடின் இல்லை. கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ஊறுகாய்க்குப் பழைய கல் உப்பே இருக்கட்டும். சமையல் உப்பை மூடி போட்டு, ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள், குழம்பு இறக்குகிற நேரத்தில் போடுங்கள். ஈரத்திலும் சூட்டிலும் அயோடின் குறையும்.

இதற்காக அயோடின் கூடுதலாகச் சாப்பிட்டால் வியாதி போய்விடும் என்று கடற்பாசி மாத்திரை வாங்கிவிடாதீர்கள். அயோடின் உப்பு புழங்குகிற இடங்களில் தைராய்டு குறைவது பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால்தான். அங்கே அளவுக்கு மீறிய அயோடின் இன்னும் கெடுக்கும்.

கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். கம்பங்கூழும் ஆகாதாம். பிறகு என்னதான் சாப்பிடுவது? (வாசகி, தேவகோட்டை)

வேகவைத்த கோஸ் பொரியலும் முள்ளங்கிச் சாம்பாரும் தாராளமாகச் சாப்பிடுங்கள். தினமும் பச்சைக் கோஸ் சாறு குடிப்பவர்களுக்குத்தான் அந்த எச்சரிக்கை. கம்பில் சுரப்பியைத் தடுக்கிற சத்து உண்டு என்பது நிஜம், கொதிக்கவைத்தாலும் அது போகாது. ஆனால் அயோடின் போதாமல் மூன்று வேளையும் கம்பே உணவானால்தான் தொல்லை. வாரத்தில் இரண்டு நாள் கூழ், கூட மோர், சின்ன வெங்காயம் என்றால் பயமே இல்லை. சோயா சாப்பிட்டால் மாத்திரையை விட்டு நாலு மணி நேரம் தள்ளி. நிறுத்துகிற பட்டியலை விட நான் சேர்க்கச் சொல்வது இரும்புச்சத்து. சுரப்பிக்குள் ஹார்மோன் செய்கிற நொதிக்கே இரும்பு வேண்டும், நம் பெண்களில் பாதிப்பேருக்கு ரத்தம் போதாது. முருங்கைக்கீரை, காராமணி, மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, சாப்பிட்டதும் காப்பி கிடையாது (மறுபடியும் காப்பி, என்ன செய்ய). சோர்வு விடவில்லை என்றால் ஹீமோகுளோபினும், சைவமாக இருந்தால் பி12-ம் பார்த்துவிடுங்கள்.

என் மனைவிக்கு 29 வயது, தைராய்டு மாத்திரை போடுகிறாள், குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராப் பொடி (அஸ்வகந்தா) கொடுத்தார்கள். பாலில் கலந்து தரலாமா? (வாசகர், காரைக்குடி)

வேண்டாம். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது, மாத்திரையோடு சேர்ந்தால் படபடப்பு வரலாம். ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. கர்ப்பத்தில் அதைத் தொடவே கூடாது, கரு தங்கியது தெரிவதற்கு முன்பே சில வாரம் ஓடிவிடும் என்பதால் இப்போதே நிறுத்துவதுதான் சரி. நாள் தள்ளிப்போய்ப் பரிசோதனையில் உறுதியானால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்கள், அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். முதல் மாதங்களில் குழந்தைக்குத் தாயின் ஹார்மோன்தான், டோஸ் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும்.

ஆடிக்குச் சம்பந்தி வீட்டிலிருந்து கும்மாயம் வந்திருக்கிறது. தைராய்டுக்காரி சாப்பிடலாமா? மாத்திரை போட்டும் எடை குறையவில்லை. (வாசகி, புதுவயல்)

சாப்பிடுங்கள். உளுந்தும் கருப்பட்டியும் தைராய்டை ஒன்றும் செய்யாது. தைராய்டு குறைவால் ஏறுகிற எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் உடம்பில் தங்கிய நீரும் உப்பும் நிறைய. பரிசோதனை முடிவு சரியான அளவுக்கு வந்தபிறகும் மிச்சமிருக்கிற கிலோவுக்கு, அலமாரியில் இருக்கும் மணகோலப் பலகாரத் தூக்கைத்தான் விசாரிக்க வேண்டும்.