பழைய பிட்காயின் வாலட்: வந்த கேள்விகளும் என் பதிலும்

இந்த தடவை வந்ததுல முக்கால்வாசி 2010ல இருந்து 2013க்குள்ள இன்ஸ்டால் பண்ணின பிட்காயின் வாலட் (காயினை செலவழிக்கற ரகசிய கீ இருக்கற ஃபைல்) பத்திதான். எப்பவும் சொல்றதை முதல்லயே சொல்லிடறேன், ஒரிஜினல் ஃபைலை திறக்காதீங்க. ரெண்டு காப்பி எடுத்து ரெண்டு இடத்துல வெச்சுட்டு, மூணாவதா ஒரு காப்பில மட்டும் கை வைங்க.

2011ல லேப்டாப்ல மைனிங் பண்ணேன். அப்புறம் ரெண்டு தடவை ஃபார்மட் பண்ணியாச்சு. டிஸ்க் கையில இருக்கு, வாய்ப்பு உண்டா?

சுத்துற பழைய ஹார்ட் டிஸ்க்னா உண்டு. எஸ்எஸ்டினா ட்ரிம்னு ஒரு வசதி ஓடி, அழிச்ச டேட்டாவை துடைச்சிருக்கும், ஆசைப்படாதீங்க. எந்த ஃபார்மட்னு நீங்க எழுதல, அதுதான் முக்கியமே. குயிக் ஃபார்மட்னா உள்ளடக்க அட்டவணை மட்டும்தான் போகும், டேட்டா அப்படியே கிடக்கும், விண்டோஸ் விஸ்டாலயோ அதுக்கு அப்புறம் வந்ததுலயோ ஃபுல் ஃபார்மட் பண்ணியிருந்தா முழுக்க ஜீரோ எழுதியிருக்கும், அது முடிஞ்ச கதை. அந்த டிஸ்க்ல இருந்து பூட் பண்ணாம, ரிகவரி சாஃப்ட்வேரை அதுலயே இன்ஸ்டால் பண்ணாம, வேற லினக்ஸ் மெஷின்ல மாட்டி டிடிரெஸ்க்யூங்கற டூல் வெச்சு முழு இமேஜ் (டிஸ்க்கோட அச்சு அசல் காப்பி) எடுங்க, அப்புறம் இமேஜ் மேல பைவாலட்ங்கற டூலோட ரிகவர் ஆப்ஷனை ஓட்டுங்க. 2011 செப்டம்பர்ல பிட்காயின் சாஃப்ட்வேரோட 0.4 வெர்ஷன் வர்ற வரைக்கும் வாலட்டுக்கு பாஸ்வேர்ட் போடற வசதியே கிடையாது, 32 பைட் கீ பூட்டு இல்லாம டிஸ்க்ல இருக்கும், அதுக்கு முன்னாடி வர்ற சில பைட் எப்பவும் ஒண்ணுபோலவே இருக்கும். அதனால வாலட்.டாட் (wallet.dat) ஃபைல் சிதைஞ்சு போயிருந்தாலும் கீயை தனியா பொறுக்கி எடுக்கலாம். பாஸ்வேர்ட் போட்ட வாலட்னா எம்கீ (பாஸ்வேர்டால பூட்டின மாஸ்டர் கீ), சிகீ (அந்த மாஸ்டர் கீயால பூட்டின காயின் கீ) ரெண்டு ரெக்கார்டுமே கிடைக்கணும். எம்கீ போச்சுன்னா பாஸ்வேர்ட் ஞாபகம் இருந்தும் பிரயோஜனமில்ல.

அட்ரஸ் மட்டும் குறிச்சு வெச்சிருக்கேன். காயினை எடுக்க முடியுமா?

முடியாது.

2012ல வாலட்டை மீட்கற 12 வார்த்தையை எழுதி வெச்சேன், எந்த ஆப்பும் ஏத்துக்க மாட்டேங்குது. போட்டோ இணைச்சிருக்கேன்.

போட்டோவை எதுக்கு அனுப்புனீங்க? மெயிலை அழிச்சுட்டேன், ஆனா அந்த வார்த்தைங்க இனி ரகசியம் இல்ல, காயின் கிடைச்ச நிமிஷமே புது வாலட்டுக்கு மாத்துங்க. எந்த சாஃப்ட்வேர்னு ஒரு வரி எழுதியிருந்தா வேலை பாதியா குறைஞ்சிருக்கும். இப்போ பெரும்பாலான ஆப்ல இருக்கற 2048 வார்த்தை லிஸ்ட் 2013லதான் வந்தது. 2012ன்னா எலெக்ட்ரம்ங்கற வாலட் ஆப்பா இருக்கலாம், அதோட பழைய லிஸ்ட்ல 1626 வார்த்தை, முறையே வேற. எலெக்ட்ரம் இன்னைக்கும் அதை ஏத்துக்கும், நெட் கனெக்ஷன் இல்லாத கம்ப்யூட்டர்ல போட்டு பாருங்க. பிளாக்செயின் இன்ஃபோங்கற வெப் வாலட்ல கணக்கு வெச்சிருந்தா, அவங்க அப்போ குடுத்த வார்த்தைங்க உங்க பாஸ்வேர்டை மீட்கத்தான், கீ அதுக்குள்ள இல்ல, வாலட் ஃபைல் தனியா வேணும். எதுவா இருந்தாலும் வெப்சைட்ல டைப் பண்ணாதீங்க.

30 காயின் இருக்கற வாலட்.டாட் 15,000 ரூபாய்க்கு வாங்கினேன். பாஸ்வேர்டை உடைக்க எந்த கிராஃபிக்ஸ் கார்டு நல்லது?

மாசத்துக்கு நாலஞ்சு பேர் இதையே கேக்கறீங்க, ஒவ்வொரு தடவையும் வயிறு எரியுது. தம்பி, அது போலி. எப்படின்னு இந்த தடவை முழுசா சொல்றேன், தெரிஞ்சவங்களுக்கும் சொல்லுங்க. பாஸ்வேர்ட் போட்ட வாலட்ல பிரைவேட் கீ மட்டும்தான் பூட்டி இருக்கும், பப்ளிக் கீ (அட்ரஸ் உருவாகறது இதுல இருந்துதான்) திறந்தே இருக்கும். சாஃப்ட்வேர் பேலன்ஸ் காட்டறது பப்ளிக் கீயை பாத்துதான். பெரிய தொகை இருக்கற பழைய அட்ரஸ் பலதோட பப்ளிக் கீ பிளாக்செயின்லயே (எல்லா பரிவர்த்தனையும் பதிவாகற பொது கணக்கு) எல்லாருக்கும் தெரியும். அதை எடுத்து, பக்கத்துல பிரைவேட் கீ இருக்க வேண்டிய இடத்துல குப்பையை நிரப்பி ஒரு ஃபைல் செஞ்சா, பிட்காயின் கோர்ல (ஒரிஜினல் பிட்காயின் சாஃப்ட்வேர்) திறந்ததும் 30 காயின் ஜம்முனு தெரியும். கீயும் அட்ரஸும் பொருந்துதான்னு பாஸ்வேர்ட் போட்டாத்தான் தெரியும், அந்த பாஸ்வேர்டைத்தான் யாராலும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி வெச்சிருப்பான். நீங்க வருஷக்கணக்கா கரண்ட் பில் கட்டுவீங்க, அவன் அதே ஃபைலை நூறு பேருக்கு வித்துட்டு போயிடுவான். நிஜ வாலட்டாவே இருந்தாலும் அது இன்னொருத்தர் தொலைச்ச பணம், அதை உடைக்க நான் உதவ மாட்டேன். கூடவே ஏதாவது எக்ஸி ஃபைல் குடுத்திருந்தா அந்த கம்ப்யூட்டர்ல உங்க சொந்த வாலட் எதையும் திறக்காதீங்க.

2010 பேக்கப்பை திறந்தா 40 காயினுக்கு பதிலா 2தான் காட்டுது.

சில்லறை எங்க போச்சுன்னு பாருங்க. 50 காயின் வந்த அட்ரஸ்ல இருந்து 1 அனுப்பினா மீதி 49 அதே அட்ரஸுக்கு திரும்பாது, புது கீக்கு போகும். அந்த புது கீ பேக்கப்ல இல்லன்னா போச்சு. 2010 ஆகஸ்ட்ல ஒருத்தர் 9,000 காயின்ல 1ஐ தனக்கே அனுப்பி, பழைய பேக்கப்பை போட்டு 8,999ஐ இழந்தார். அதுக்கப்புறம்தான் 100 கீயை முன்கூட்டியே செஞ்சு வைக்கற கீபூல் வந்தது. அந்த 100ம் தீர்ந்த பிறகு உருவான கீ பழைய பேக்கப்ல இருக்காது. அதனால ஒரு பேக்கப் கிடைச்சதும் தேடலை நிறுத்தாதீங்க, கடைசி தேதி உள்ளதை தேடுங்க.

5ல ஆரம்பிக்கற கீயை இம்போர்ட் பண்ணா வேற அட்ரஸ் வருது.

ஒரே கீக்கு கம்ப்ரெஸ்டு, அன்கம்ப்ரெஸ்டுன்னு ரெண்டு அட்ரஸ் உண்டு. 5ல ஆரம்பிச்சா அன்கம்ப்ரெஸ்டு, K அல்லது L எழுத்துல ஆரம்பிச்சா கம்ப்ரெஸ்டு, கம்ப்ரெஸ்டு வந்தது 0.6 வெர்ஷன்ல, 2012ல. உங்க ஆப் கம்ப்ரெஸ்டை மட்டும் பாக்குது. எலெக்ட்ரம்ல ஸ்வீப் (காயினை மொத்தமா புது வாலட்டுக்கு மாத்தறது) பண்ணுங்க.

புது கோர் 30ல வாலட்.டாட் திறக்கல. கெட்டுப்போச்சா?

கெடல. 30ல பெர்க்லி டிபிங்கற பழைய ஃபார்மட் வாலட்டை நேரா திறக்கற வசதியை எடுத்துட்டாங்க, புது ஃபார்மட்டுக்கு மைக்ரேட் பண்ணணும், இல்லன்னா 29ல திறங்க. காப்பில மட்டும். பிளாக்செயின் டிஸ்க்ல 600 ஜிபிக்கு மேல இடம் பிடிக்குமேன்னு பயந்தா, பழைய பிளாக்கை அழிச்சுட்டே போற ப்ரூன் ஆப்ஷனை போடுங்க, ஆனா சிங்க் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வாலட்டை லோட் பண்ணிடுங்க. பின்னாடி லோட் பண்ணா பழைய பிளாக் இருக்காது, ரீஸ்கேன் (உங்க பழைய பரிவர்த்தனையை தேடறது) ஆகாது.

பழைய கீல பிட்காயின் கேஷும் இருக்குமாமே, முதல்ல அதை எடுக்கலாமா?

பிட்காயின் கேஷ் 2017 ஆகஸ்ட் 1ல பிட்காயின்ல இருந்து பிரிஞ்ச தனி காயின். அதுக்கு முன்னாடி வந்து, அன்னைக்கு வரை செலவாகாத காயின்னா இருக்கும். ஆனா முதல்ல பிட்காயினை புது கீக்கு மாத்துங்க. அது கன்ஃபர்ம் ஆகற வரைக்கும் பழைய கீயை வேற எந்த வாலட்லயும் போடாதீங்க.